கேஸ்ட்ரிக் பேண்ட் சர்ஜரி: ஆஸ்பத்திரி பில் வெறும் டவுன் பேமென்ட்தான்!



வெயிட் லாஸ் சர்ஜரிக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்கலாம். ஆனா நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல இந்த டாபிக் அடிக்கடி தலை காட்டுது. "கம்பெனி இன்ஷூரன்ஸ்ல கேஸ்ட்ரிக் பேண்ட் கவர் ஆகுமா?", "பர்சனல் லோன் போட்டுப் பண்ணிக்கலாமா?", "துபாய்ல இருந்தப்ப பேண்ட் வெச்சேன், இப்ப எடுக்கணும்னு சொல்றாங்க, புது பாலிசியில கிளெய்ம் கிடைக்குமா?" இப்படி.

நாவலூர்ல ஆபீஸ் வெச்சிருக்கிற ஆடிட்டருக்கு இது ஆச்சரியமும் இல்லை. சிறுசேரி சிப்காட்ல இருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் நம்ம ஓஎம்ஆர் வாழ்க்கையைப் பாருங்க. நைட் ஷிஃப்ட், ராத்திரி ரெண்டு மணிக்கு பிரியாணி டெலிவரி, பத்து மணி நேரம் சேர், மிச்ச நேரம் கேப். முப்பது வயசுக்குள்ளேயே சுகர், பிபி, ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட் வர்றவங்க நிறைய பேர்.

நான் டாக்டர் இல்லை. சர்ஜரி பண்ணணுமா வேண்டாமாங்கிறதை உங்க டாக்டர்கிட்டதான் பேசணும். நான் சொல்லப் போறது பணத்தைப் பத்தி. ஆஸ்பத்திரியில கொடுக்கிற பேக்கேஜ் ரேட் இருக்கே, அது இந்த சர்ஜரியோட முழு விலை கிடையாது. அது டவுன் பேமென்ட். மீதி விலையை அடுத்த பத்து வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா கட்டுவீங்க. அந்த மீதியை யார் கட்டப் போறாங்க, நீங்களா இன்ஷூரன்ஸ் கம்பெனியாங்கிறதை சர்ஜரிக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்.

பேண்ட் என்றால் என்ன?

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையத்தை மாட்டுவார்கள். அதனால் வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை மாதிரி இடம் உருவாகும். கொஞ்சம் சாப்பிட்டாலே அது நிறைந்து, போதும் என்ற உணர்வு வந்துவிடும். வளையத்திலிருந்து ஒரு மெல்லிய ட்யூப் கிளம்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் ஒரு சின்ன போர்ட்டில் முடியும். டாக்டர் தனி ஊசியால் அந்தப் போர்ட்டில் சலைன் ஏற்றினால் வளையம் இறுகும். எடுத்தால் தளரும். இதைத்தான் 'ஃபில்' என்கிறார்கள்.

குடலை வெட்டுவதோ தைத்து மாற்றுவதோ கிடையாது, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். இதுதான் பேண்டின் பெரிய கவர்ச்சி. அமெரிக்காவில் 'லேப்-பேண்ட்' என்ற பிராண்டுக்கு 2001-ல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. அடுத்த பத்து வருடம் அங்கேயும், ஆஸ்திரேலியா, ஐரோப்பா நாடுகளிலும் ஓடு ஓடு என்று ஓடியது. பிறகு சரிந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில், நம்ம ஊரிலும், இரைப்பையின் ஒரு பகுதியையே எடுத்துவிடும் ஸ்லீவ் சர்ஜரியும், பைபாஸும்தான் அதிகம். பேண்ட் ஏன் சரிந்தது என்பதில்தான் நமக்கான பணப் பாடம் இருக்கு.

பேண்டோடு வாழ்வது எப்படி இருக்கும்?

முதல் ஃபில் பொதுவாக சர்ஜரி முடிந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து நடக்கும். அதன் பிறகு முதல் வருடம் முழுக்க அடிக்கடி போக வேண்டியிருக்கும். இறுக்கம் கம்மியா இருந்தா பசி அடங்காது. அதிகமா இருந்தா சாப்பிட்டது மேலேயே நிற்கும், வாந்தி வரும். சரியான அளவு கிடைக்கிற வரைக்கும் டியூனிங் மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

சாப்பாட்டு முறையும் மாறும். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிடணும். சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பார்கள். பிரெட், மட்டன் மாதிரி ஐட்டங்கள் பலருக்குச் சிக்கிக்கொள்ளும். பதினைந்து நிமிட லன்ச் பிரேக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற வேலைக்கு இது ஒத்துவராது. இன்னொரு பக்கம், ஐஸ்கிரீம், மில்க் ஷேக், கூல்டிரிங்க் எல்லாம் வளையத்தைத் தாண்டி ஜோராக இறங்கிவிடும். பேண்ட் வெச்சும் வெயிட் குறையலைன்னு சொல்றவங்க கதையில பாதி இதுதான்.

இதோடு வைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இதெல்லாம் ஒரு வருஷத்தோட முடியற விஷயம் இல்லை. பேண்ட் உள்ளே இருக்கிற வரைக்கும் ஃபாலோ-அப் இருக்கும்.

என்னென்ன சிக்கல் வரலாம்?

• வளையம் இடம் நகர்வது. கீழே இருக்கிற இரைப்பை வளையத்துக்கு மேலே ஏறிக்கொள்ளும். திடீரென்று வாந்தி, வலி, தண்ணீர் கூட இறங்காத நிலை வரலாம். இது எமர்ஜென்சி.

• வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போவது. மெதுவாக நடக்கும். சில பேருக்கு முதல் அறிகுறியே போர்ட் இருக்கும் இடத்தில் இன்ஃபெக்ஷன், அல்லது திடீரென்று எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிட முடிவது.

• போர்ட் புரண்டுவிடுவது, ட்யூப் லீக் ஆவது. உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் சரிசெய்ய மறுபடி சின்ன ஆபரேஷன்.

• மேல்பையும் உணவுக்குழாயும் விரிவடைவது, கடுமையான நெஞ்செரிச்சல், ராத்திரி படுத்தால் எதுக்களிப்பது.

• தொடர் வாந்தியால் சத்துக்குறைவு. குறிப்பாக தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்தால் நரம்பையே பாதிக்கும். 'பேண்ட்னா வாந்தி சகஜம்'னு வாரக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாத காரணம் இதுதான்.

ஒரு சின்ன யோசனை, செலவே இல்லாதது: பேண்டின் பிராண்ட், மாடல், போட்ட தேதி, கடைசியாக எவ்வளவு சலைன் ஏற்றினார்கள் என்று ஒரு கார்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சியில் சலைனை எடுத்து வளையத்தைத் தளர்த்துவதுதான் பெரும்பாலும் முதல் வேலை. ராத்திரி டியூட்டி டாக்டருக்கு உங்களுக்குள்ளே பேண்ட் இருப்பதே தெரியாவிட்டால் நேரம் வீணாகும்.

அமெரிக்கா கட்டிய பில்

இப்போது நான் சொல்லப்போகும் கணக்குதான் இந்தப் பதிவின் மையம். அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டத்தில் 2006 முதல் 2013 வரை பேண்ட் போட்டுக்கொண்ட 25,042 பேரின் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2017-ல் ஜாமா சர்ஜரி இதழில் வந்தது. சராசரியாக நாலரை வருடம் பின்தொடர்ந்ததில், 18.5 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கு. அதுவும் ஒரு தடவை இல்லை. அப்படித் தேவைப்பட்டவர்களுக்குச் சராசரியாக 3.8 தடவை!

பணத்தைப் பாருங்க. பேண்ட் தொடர்பாக மெடிகேர் கட்டிய மொத்தத் தொகை 47 கோடி டாலர். அதில் 22.4 கோடி டாலர், அதாவது கிட்டத்தட்ட பாதி, பேண்டைப் போடுவதற்கு ஆனது இல்லை. சரிசெய்வதற்கும், மாற்றுவதற்கும், கழற்றுவதற்கும் ஆன செலவு.

மெடிகேரில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும், உடல் ஊனம் உள்ளவர்களும். அதனால் 28 வயது ஐடி ஊழியருக்கு அதே சதவீதம்தான் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செலவின் வடிவம் தெளிவாக இருக்கு: போடும் செலவு ஒரு பங்கு, பராமரிக்கும் செலவு ஏறக்குறைய இன்னொரு பங்கு. அமெரிக்காவில் அந்த இரண்டாவது பங்கை அரசு கட்டியது. இங்கே உங்களுக்கு யார் கட்டுவார்கள்?

டாக்டரோட பிஎம்ஐ வேற, பாலிசியோட பிஎம்ஐ வேற

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

2022-ல் சர்வதேச எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சர்ஜரி பரிந்துரைக்கலாம் என்றார்கள். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் மாதிரி நோய்கள் வருவதால், 27.5-லிருந்தே சர்ஜரியைப் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னார்கள்.

ஆனால் உங்க ஹெல்த் பாலிசி? இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான விலக்குகளின் வாசகத்தைத் தரப்படுத்தியது. அதில் ஆறாவது விலக்கு 'உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு'. இந்தச் சர்ஜரிக்குப் பணம் கிடைக்க நான்கு நிபந்தனைகளும் பூர்த்தியாக வேண்டும்:

1. டாக்டரின் ஆலோசனைப்படி செய்யப்பட வேண்டும்.
2. அதற்கு மருத்துவ நெறிமுறைகளின் ஆதாரம் இருக்க வேண்டும்.
3. வயது 18 அல்லது அதற்கு மேல்.
4. பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, மற்ற எளிய வழிகள் பலன் தராத நிலையில், கூடவே குறிப்பிட்ட தீவிர நோய் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல்: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுப்பாட்டில் இல்லாத டைப் 2 சுகர்.

இந்த 40, 35 என்ற எண்கள் 1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல். டாக்டர்கள் அதைத் தாண்டி வந்துவிட்டார்கள். பாலிசி வாசகம் அங்கேயே நிற்கிறது.

உயரம் 170 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ 27.5 என்றால் சுமார் 79 கிலோ. 35 என்றால் 101 கிலோ. 40 என்றால் 115 கிலோவைத் தாண்டணும். 85 கிலோ இருப்பவரிடம், சுகரும் இருந்தால், 'சர்ஜரி யோசிக்கலாம்' என்று டாக்டர் சொல்லலாம். மருத்துவ ரீதியா அது தப்பே இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் ஒரு ரூபாய் தராது.

110 கிலோ இருப்பவர் கதை இன்னும் சுவாரஸ்யம். பிஎம்ஐ 38. சுகர் இருக்கு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கு. பாலிசி கேட்பது 'கட்டுப்பாட்டில் இல்லாத' சுகர். அந்த ஒரு வார்த்தையில் கிளெய்ம் விழலாம். பிசிஓஎஸ், மூட்டு வலி, ஃபேட்டி லிவர், பிபி இதெல்லாம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

'எளிய வழிகள் பலன் தரவில்லை' என்பதற்கும் காகிதம் வேண்டும். டயட்டீஷியன் பில், எண்டோக்ரினாலஜிஸ்ட் சீட்டு, மருந்து எடுத்துப் பார்த்த விவரம், ஒவ்வொரு விசிட்டிலும் உயரமும் எடையும் எழுதிய ஓபி சீட்டு. இப்போது மவுஞ்சாரோ மாதிரி ஊசிகளும் 2025-லிருந்து நம்ம ஊரில் கிடைப்பதால், 'அதை முயற்சி செய்தீர்களா?' என்ற கேள்வி வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வையுங்க.

கம்பெனி பாலிசி: இன்னிக்கு இருக்கு, நாளைக்கு?

க்ரூப் பாலிசியின் பெரிய பலம், பெரும்பாலும் வெயிட்டிங் பீரியட் இல்லாமல் முதல் நாளிலிருந்தே கவர் தருவது. தனி பாலிசியில் பேரியாட்ரிக் சர்ஜரிக்கு 2, 3 வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். அதனால் 'கம்பெனியில் இருக்கும்போதே முடிச்சிடலாம்' என்று தோன்றும். முதல் சர்ஜரிக்கு அது சரியான யோசனைதான். அதுக்கும் முன்னாடி ஹெச்ஆர்கிட்டயோ டிபிஏகிட்டயோ மெயிலில் கேளுங்க: பேரியாட்ரிக் கவர் உண்டா, சப்-லிமிட் எவ்வளவு, கோ-பே எத்தனை சதவீதம்? பதில் எழுத்தில் இருக்கணும். வாய்வார்த்தை செல்லாது.

ஆனால் வளையம் நகர்வது, அரிப்பது எல்லாம் மூணாவது வருஷமோ ஏழாவது வருஷமோ கூட வரலாம். அதுக்குள்ள நீங்க ரெண்டு கம்பெனி மாறியிருப்பீங்க. லேஆஃப் ஆகி நாலு மாசம் வீட்டில் இருக்கும் நேரமாகக் கூட இருக்கலாம். வேலையை விட்டதும் க்ரூப் கவர் போய்விடும். வயிற்றுக்குள்ளே இருக்கும் பேண்ட் போகாது.

அப்போது புதுசா தனி பாலிசி எடுக்கப் போனால், பேண்ட் இருப்பதைச் சொல்லியே ஆகணும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான வெயிட்டிங் பீரியட் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம். மறைத்து எடுத்தால் கிளெய்ம் நேரத்தில் பாலிசியையே ரத்து செய்ய அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். 60 மாதம் தொடர்ந்து பாலிசி ஓடின பிறகுதான், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

இதுக்கு மூணு வழி இருக்கு.

ஒன்று: சர்ஜரி பற்றிய யோசனை வருவதற்கு முன்பே, நல்லா இருக்கும்போதே, கம்பெனி பாலிசிக்கு மேலே தனி பாலிசி ஒன்று எடுத்து விடாமல் ஓட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது. பழைய சாக்கு இப்போது செல்லாது.

இரண்டு: வேலையை விடும்போது, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ளும் மைக்ரேஷன் வசதி இருக்கு. க்ரூப்பில் கழித்த காலத்துக்கு வெயிட்டிங் பீரியடில் கிரெடிட் கிடைக்கும். ஆனால் கடைசி வேலை நாளுக்கு முன்பே அப்ளை பண்ணணும். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

மூன்று: டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் இருந்தால், அதையும் சர்ஜரிக்கு முன்பே யோசியுங்கள். சர்ஜரி முடிந்த உடனே அப்ளை செய்தால் சில மாதங்கள் ஒத்திவைப்பார்கள், அல்லது பிரீமியம் ஏற்றுவார்கள். சர்ஜரி திட்டம் இருப்பதையும் பிரபோசல் ஃபார்ம் கேட்டால் உள்ளபடி எழுதணும்.

பில்லில் எது உங்கள் தலையில் விழும்?

கேஷ்லெஸ் அப்ரூவல் வந்தாலும் சில வரிகள் உங்க பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

ரூம் வாடகை: பாலிசி லிமிட் நாளுக்கு 5,000. நீங்க எடுத்த ரூம் 8,000. கம்பெனி வெறும் 3,000 ரூபாயைக் கழிப்பதோடு நிற்காது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாத்திலும் 62.5 சதவீதம்தான் தரும். அவை 2 லட்சம் என்றால் 75,000 உங்களுடையது. ஆனால் மருந்து, கன்ஸ்யூமபிள், டெஸ்ட், இம்ப்ளான்ட் ஆகியவற்றுக்கு இந்த விகிதாச்சாரக் கழிவு போடக்கூடாது என்பது ஐஆர்டிஏஐ விதி. பேண்ட் ஒரு இம்ப்ளான்ட். அதன் விலையிலும் கழித்திருந்தால் கேள்வி கேளுங்க.

ஃபில்: இது ஓபி-யில் நடப்பது. அட்மிஷன் இல்லை என்பதால் சாதாரண பாலிசியில் வராது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு 60 அல்லது 90 நாள் வரை உண்டு என்றால், முதல் ஃபில் அந்தக் காலத்துக்குள் வந்துவிடும். அந்த பில்லை ரீஇம்பர்ஸ்மென்ட்டில் போடலாம். பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தொங்கும் தோல்: எடை நிறைய குறைந்த பிறகு தோலைச் சரிசெய்யும் சர்ஜரியைக் காஸ்மெட்டிக் என்று சொல்லிப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

வரி: ஹெல்த் இன்ஷூரன்ஸ் வரிக் கழிவு பொதுவாக நீங்கள் கட்டும் பிரீமியத்துக்குத்தான். சர்ஜரிக்குக் கையிலிருந்து கட்டின தொகைக்குப் பொதுவாக இல்லை. புது வரி முறையில் பிரீமியத்துக்கும் இல்லை. 'கேஷா கொடுத்தா டிஸ்கவுன்ட்' என்று யாராவது சொன்னால், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமானவரிச் சட்டப்படி தடை. வாங்கினவருக்குத்தான் அபராதம், ஆனால் ரசீது இல்லாத பணம் கிளெய்முக்கு உதவாது.

பத்து வருஷக் கணக்கு

கீழே இருப்பவை புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்க ஆஸ்பத்திரி சொல்லும் ரேட்டைப் போட்டு நீங்களே எக்ஸெல்லில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் 4,00,000. இன்ஷூரன்ஸ் 3,20,000 கொடுத்தது. கையிலிருந்து 80,000.
முதல் வருடம் 6 விசிட், தலா 3,000: மொத்தம் 18,000.
அடுத்த 9 வருடம், வருடத்துக்கு 2 விசிட்: மொத்தம் 54,000.
மாத்திரை, டெஸ்ட் சேர்த்து மாதம் 1,500, பத்து வருடத்துக்கு: 1,80,000.

ஆக, எந்தச் சிக்கலும் வராமல், எல்லாம் நல்லபடியாகப் போனாலே 3,32,000 ரூபாய் உங்க கையிலிருந்து போகும். விலைவாசி ஏற்றத்தை நான் சேர்க்கவே இல்லை. 'இன்ஷூரன்ஸ் கட்டிடுச்சு, எனக்கு 80 ஆயிரம்தான் செலவு' என்று நினைத்தவருக்கு நிஜச் செலவு நான்கு மடங்கு.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதே 4 லட்சத்தை 14 சதவீத பர்சனல் லோனில், 3 வருடத்துக்கு எடுத்தால் இஎம்ஐ சுமார் 13,670. வட்டி மட்டும் சுமார் 92,000. லோன் ஓடிக்கொண்டிருக்கும் அந்த மூன்று வருடத்துக்குள்ளேயே இரண்டாவது ஆபரேஷன் வந்தால்? லோன் மேல லோன். இந்த இடத்தில்தான் ஆட்கள் உடைந்துபோகிறார்கள்.

அதனால் என் ரூல் எளிமையானது. எமர்ஜென்சி ஃபண்டை அப்படியே வைத்துவிட்டு, அதற்கு மேல் இன்னொரு சர்ஜரிக்கான தொகை எஃப்டி-யிலோ லிக்விட் ஃபண்டிலோ இருக்கணும். அல்லது இரண்டாவது சர்ஜரிக்குக் கண்டிப்பாக நிற்கும் ஒரு தனி பாலிசி இருக்கணும். இரண்டில் ஒன்று இல்லாமல் தேதி குறிக்காதீங்க. 'நூத்துல பதினெட்டு பேருக்குத்தானே வருது, நமக்கு வராது' என்ற கணக்கு வேண்டாம். வந்தவருக்கு அது நூறு சதவீதம்.

குறைஞ்ச ரேட் தேடும்போது

2024 ஏப்ரலில், நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் பம்மலில், ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காக அட்மிட் ஆன புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. அதில் யார் சரி, யார் தப்பு என்று பேசுவது என் வேலை இல்லை. 'சின்ன ஆபரேஷன்தானே' என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நிதியமைச்சராக இருந்த அருண் ஜெட்லியே 2014-ல் எடைக் குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு எய்ம்ஸில் சேர்க்கப்பட்டுச் சிகிச்சை பெற்றார். எவ்வளவு வசதி இருந்தாலும் சிக்கல் வரலாம் என்பதுதான் விஷயம்.

ரெண்டு கொட்டேஷன் வாங்கி, குறைஞ்சதை எடுப்பது ஏசி வாங்கும்போது சரி. இங்கே கொட்டேஷன்களை ஒப்பிடும்போது இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்க: ஐசியு அதே கட்டடத்தில் இருக்கா? ராத்திரி பிரச்சினை வந்தால் சர்ஜரி டீமில் யார் வருவார்? இந்த டாக்டர் பேண்ட் போடுவதோடு, கழற்றவும் ஸ்லீவுக்கு மாற்றவும் செய்வாரா? எத்தனை ஃபில் பேக்கேஜில் சேரும்? சிக்கல் வந்தால் அந்த அட்மிஷனுக்குத் தனி பில்லா?

வெளிநாட்டில் பேண்ட் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், எமர்ஜென்சி வருவதற்காகக் காத்திருக்காதீங்க. நல்லா இருக்கும்போதே சென்னையில் ஒரு பேரியாட்ரிக் சர்ஜனைப் பார்த்து ஃபைல் ஓபன் பண்ணிவிடுங்கள். ஆபரேஷன் நோட்ஸை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து மெயிலில் வாங்கி வையுங்கள்.

கிளெய்ம் மறுத்தால்?

வளையம் நகர்ந்து எமர்ஜென்சியில் அட்மிட் ஆனால், கம்பெனி அதையும் 'எடைக் குறைப்பு' தலைப்பில் தள்ளி மறுக்கப் பார்க்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன நோய்க்காக அட்மிட் ஆனீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும். இரைப்பை அடைப்புக்குச் செய்த சிகிச்சை வேறு, எடை குறைக்கச் செய்த சிகிச்சை வேறு. கிளம்புவதற்கு முன்பே சம்மரியை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

மறுப்புக் கடிதத்தில் எந்த விதிப்படி என்று கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதணும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையிலேயே இருக்கு. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போகணும். 50 லட்சம் வரையான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

தேதி குறிப்பதற்கு முன் இந்த 6 கேள்வி

1. என் பிஎம்ஐ-யும் நோய் விவரமும் பாலிசி வாசகத்தோடு பொருந்துதா, டாக்டர் வாசகத்தோடு மட்டும் பொருந்துதா?
2. க்ரூப் கவர் பற்றி எழுத்தில் பதில் வாங்கியாச்சா?
3. வேலை போனாலும் நிற்கும் தனி பாலிசி இருக்கா?
4. ஓபி செலவுக்கு மாத பட்ஜெட்டில் இடம் இருக்கா?
5. இரண்டாவது சர்ஜரிக்குப் பணம் எங்கே இருக்கு?
6. நான் மயக்கத்தில் இருந்தாலும் பாலிசி நம்பரும் பேண்ட் விவரமும் வீட்டில் ஒருத்தருக்காவது தெரியுமா?

ஆறுக்கும் பதில் இருந்தா, பணத்தைப் பத்தின கவலை இல்லாம டாக்டர்கிட்ட உடம்பைப் பத்தி மட்டும் பேசலாம். அதுக்குத்தான் இவ்வளவு கணக்கும். பாலிசி வாசகத்தை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு தனி வீடியோல காட்டறேன். உங்க பாலிசி பிடிஎஃப்ஃபைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டுப் பாருங்க.